விடுதலை மண்டபத்துப் பிறப்புப் புத்தகம்

முப்பத்தொரு வயது முடிந்தும், தான் பிறந்ததற்கு லைபீரியா பென்னன்டிடம் அத்தாட்சி எதுவும் இல்லை. இரண்டு கை இருந்தது, இரண்டு கால் இருந்தது, கோபம் வந்தால் ரயில் நிறுத்தம் வரைக்கும் கேட்கிற குரல் இருந்தது. காகிதம்தான் இல்லை. பெத்தேலில் அவள் வயதுக்காரர்கள் ஒருவரிடமும் இல்லை. அதுவரை யாரும் கேட்கவில்லை என்பதால் அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

கேட்கிற நாள் வந்தது. தலைநகரத்திலிருந்து டான் எவரார்தோ என்று ஒரு வக்கீல் வந்து, வாழைக் கம்பெனி கைகழுவிவிட்டுப் போன ஆற்றோர நிலம் மொத்தமும் தன்னுடையது என்று ஒரு வரைபடத்தை விரித்துக் காட்டினார். அந்த வரைபடத்தில் பெத்தேல் என்று ஓர் ஊரே இல்லை. வெறும் பச்சை. அந்தப் பச்சைக்குள்ளேதான் லைபீரியாவின் அப்பா ஜோசையா நாற்பது வருஷத்துக்கு முன்னால் நட்ட பன்னிரண்டு ஏக்கர் கொக்கோவும், அவர் கையாலேயே அடித்த பலகை வீடும் இருந்தன.

இரண்டு வாரம் தள்ளித் திங்கட்கிழமை அளவுச் சங்கிலியோடு ஆள் வருவார்கள் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அதற்குள் இந்த நாட்டில் பிறந்தவர் யாராவது ரயிலேறிப் போய் லிமோன் நகரத்துப் பதிவு அலுவலகத்தில் மறுப்பு மனு கொடுத்தால் அளவை நிற்கும், வழக்கு நடக்கும். கொடுக்காவிட்டால் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். வெளிநாட்டான் மனு செல்லாது. ஜோசையா ஜமைக்காவில் பிறந்தவர், ஆகவே அவர் கொடுத்த மனு மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது. மரத்தை நட்டது யார் என்று சட்டம் கேட்காதாம், நட்டவன் எங்கே பிறந்தான் என்றுதான் கேட்குமாம். அதை எழுதியவன் வாயில் பச்சைக் கொக்கோ விதையைத் திணிக்க வேண்டும், அந்தக் கசப்பிலாவது புத்தி வருகிறதா பார்க்கலாம்.

லைபீரியா பெத்தேலில்தான் பிறந்தாள். ஆனால் அவளை யாரும் அரசாங்க ஏட்டில் பதியவில்லை. அதற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. நம்பிக்கை. அவள் பிறந்த காலத்தில் லிமோன் ரயில்பாதை நெடுக ஒரே பேச்சுதான். கறுப்பு மக்களுக்கென்று ஒரு நாடு உண்டு, அது ஆப்பிரிக்கா, அங்கே நம்மைக் கொண்டுபோக நம்முடைய கப்பலே வரப்போகிறது என்று தலைவர் கார்வி சொல்லியிருந்தார். அவர் லிமோனுக்கு வந்த அன்று வாழைத் தோட்டங்களில் ஒருவனும் கத்தியைத் தொடவில்லை என்று ஜோசையா சொல்வார். அவரும் அந்தக் கூட்டத்தில் நெரிபட்டு நின்றவர்தான். ஊர் திரும்பியதும் சக ஆட்களைச் சேர்த்து, கார்வி இயக்கத்தின் கிளைக்கு ஒரு மண்டபம் கட்டினார். விடுதலை மண்டபம் என்று பெயர் வைத்து, சிவப்பு கறுப்பு பச்சைக் கொடி ஏற்றி, செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு அதைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. மகளுக்கு லைபீரியா என்று பெயர் வைத்தது கப்பல் முதலில் அந்தப் பெயருள்ள ஆப்பிரிக்க நாட்டில்தான் போய் நிற்கும் என்று சொன்னதால்.

"நாளைக்குக் கப்பல் ஏறப்போறவனுக்கு இங்க எதுக்குய்யா பதிவு?" என்று அந்த நாளில் ஒவ்வொரு தகப்பனிடமும் கேட்டவர் அவர்தான். "அவன் ஏட்டுல உன் புள்ளையை எழுதினா, புள்ளை அவனுக்குச் சொந்தம். நம்ம புத்தகத்துல எழுது."

அப்படி எழுதினார்கள். பாதிரியிடம் போகவில்லை, பதிவாளரிடம் போகவில்லை. மண்டபத்தில் கொடிக்குக் கீழே இயக்கத்தின் முறைப்படி பெயர் சூட்டி, பச்சைத் துணி அட்டை போட்ட ஒரு பெரிய புத்தகத்தில் ஜோசையா தன் முத்து முத்தான கையெழுத்தில் ஏற்றினார். பதினெட்டு வருஷத்தில் எழுபத்தொரு குழந்தைகள். கப்பல் கம்பெனி நொடித்தது, தலைவரைச் சிறையில் போட்டார்கள், நாடு கடத்தினார்கள், லண்டனில் அவர் இறந்தும் போனார். புத்தகம் மட்டும் மண்டபத்து இரும்புப் பெட்டியில் கரையான் படாமல் இருந்தது. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான். அரசனும் போனான், வாசலில் நின்ற புருஷனும் போய்விட்டான்.

அந்தப் புத்தகம்தான் இப்போது ஒரே வழி. லிமோன் அலுவலகத்தில் உல்லோவா என்று ஓர் எழுத்தர் இருந்தார், நல்ல மனிதர். சர்ச்சோ, சங்கமோ, எதுவானாலும் பிறந்த காலத்திலேயே எழுதிய பழைய ஏடு இருந்தால் கொண்டுவரச் சொன்னார். லைபீரியா அன்று ரயில் நிறுத்தத்திலிருந்து வீடு வந்து சேரும்வரை ஓட்டமும் நடையுமாகத்தான் வந்தாள்.

அப்பா மறுப்பார் என்று நினைத்தாள். இந்த நாட்டுக் காகிதம் வாங்குவது அவருக்குப் பிடிக்காது. ஆனால் ஜோசையா தேங்காய்ப்பால் விட்ட பீன்ஸ் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அரசாங்கம் நம்ம புத்தகத்தைக் கேட்டுதா?"

"ஆமாப்பா."

"அவங்களாக் கேட்டாங்களா?"

"ஏதாவது ஏடு இருக்கான்னு கேட்டாங்க. நான்தான் இருக்குன்னு சொன்னேன்."

"முப்பது வருஷம் ஆச்சு, இப்பத்தான் வழி தெரிஞ்சிருக்கு அவங்களுக்கு." சோற்றை மறந்தே போனார். எழுபத்து நான்கு வயதில் அவர் முகத்தில் அப்படி ஒரு களையை அவள் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

செயலாளர் ஆனாலும் அவர் இஷ்டத்துக்குப் புத்தகத்தை வெளியே எடுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தீர்மானம் போட வேண்டும். ஒரு காலத்தில் முந்நூறு பேர் உட்கார்ந்த மண்டபத்தில் இப்போது மிச்சம் ஏழு பேர். பாட்டுப் பாடி, ஜெபம் சொல்லி, போன கூட்டத்தின் நடவடிக்கையை வாசித்து, அதன் பிறகுதான் தீர்மானம். ஏழு பேரில் ஒருவர் தூங்கிப்போனதால் ஆறு பேர் ஏகமனதாக நிறைவேற்றினார்கள்.

கூட்டம் முடிந்ததும் மிஸ் டார்கஸ் லைபீரியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்துத் தோட்டக்காரி, வாய்த்துடுக்குக்காரி, அவளுடைய எட்டு ஏக்கரும் அதே பச்சைக்குள்ளேதான் இருந்தது. "முதல்ல நீ போய்ட்டு வா கண்ணு. உனக்கு நடந்துச்சுன்னா சனிக்கிழமை வண்டிக்கு நான் என் பையன் பெர்சிவலைக் கூட்டிட்டு அதே புத்தகத்தோட போறேன். எனக்குப் பின்னால ஊரே நிக்குது."

"நடக்கும், மிஸ் டார்கஸ்."

"நடக்கட்டும். இல்லேன்னா அந்த வக்கீல் என் வீட்டுக்குள்ள வர்றப்ப அவன் தலையில கொதிக்கிற சீமைப்பலாவைக் கவுத்துட்டு நேரா ஜெயிலுக்குப் போயிடுவேன். அங்கயாவது பேரை எழுதிக்குவாங்க."

வெள்ளிக்கிழமை காலை வண்டிக்கு ஜோசையா சீருடையில் வந்து நின்றார். இயக்கத்தின் படைப்பிரிவு உடுத்திய கருநீலக் கோட்டு, காற்சட்டையின் இரண்டு பக்கமும் சிவப்புக் கோடு, தலையில் முன்மடல் வைத்த தொப்பி. தைத்தபோது அவருக்கு இருந்த உடம்பில் பாதிதான் இப்போது இருந்தது, கோட்டு தோளில் நிற்கவில்லை. லைபீரியாவுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டதற்காகத் தன்மேலேயே எரிச்சலாகவும் இருந்தது.

"சாதாரணச் சட்டை போட்டுட்டு வரலாமேப்பா."

"சாதாரண வேலைக்கா போறோம்?"

புத்தகத்தைக் கொடியில் சுற்றி மடியில் வைத்திருந்தார். ஒரு தடவை பார்க்கிறேன் என்று அவள் கேட்டபோது கொடுக்கவில்லை. வழியில் திறக்கக் கூடாதாம். அவளும் வற்புறுத்தவில்லை. பின்னால் இதை நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள். ஓடுகிற வண்டியில் பிடுங்கியாவது பார்த்திருந்தால் அங்கேயே இறங்கி, அவரைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போயிருப்பாள்.

அலுவலகத்தில் உல்லோவா எழுந்து நின்று வரவேற்றார். சீருடையைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அதற்கே அவருக்குப் புண்ணியம். ஜோசையாவுக்கு ஸ்பானிஷ் தெரியாது. நாற்பத்தைந்து வருஷம் இந்த மண்ணில் இருந்தும் தெரியாது. போகப்போகிற ஊருக்கு அந்தப் பாஷை எதற்கு என்று கற்றுக்கொள்ளவே இல்லை. ஆகவே மகள்தான் இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துப் பேச்சை இந்தப் பக்கத்துக்கும் சொன்னாள்.

கொடியை விரித்து, புத்தகத்தைத் திறந்து, பத்தொன்பதாம் எண்ணில் ஜோசையா விரலை வைத்தார். உல்லோவா குனிந்து பார்த்தார். தேதி இருந்தது. லைபீரியா அடினா பென்னன்ட் என்று பெயர் இருந்தது. தகப்பன் பெயர், தாய் பெயர், இரண்டு சாட்சிக் கையெழுத்து எல்லாம் இருந்தன. "ரொம்ப நல்ல ஏடு," என்றார். பிறகு அவர் விரல் பிறந்த இடம் என்ற கட்டத்தில் வந்து நின்றது. அந்த ஒரு சொல்லைப் படிக்க அவருக்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை.

"நீங்க ஆப்பிரிக்காவுலயா பிறந்தீங்க, சென்யோரா?"

லைபீரியா எட்டிப் பார்த்தாள். ஆப்பிரிக்கா என்றுதான் இருந்தது. அவசர அவசரமாக மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், பக்கத்தைப் புரட்டினாள். எழுபத்தொரு குழந்தைகளும், லிமோன் ரயில்பாதையின் பலகை வீடுகளில் மருத்துவச்சி கையில் விழுந்த அத்தனை பேரும், ஆப்பிரிக்காவில் பிறந்ததாக அவள் அப்பா அழகான எழுத்தில் எழுதி வைத்திருந்தார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது.

"அப்பா, இது என்ன?"

"எது?"

"பிறந்த இடம்."

"சரியாத்தானே எழுதியிருக்கேன்."

"நான் எங்கப்பா பிறந்தேன்?"

"ஆப்பிரிக்கப் பொண்ணு ஆப்பிரிக்காவுலதான் பிறப்பா. உங்கம்மா எந்தக் கட்டில்ல படுத்திருந்தாங்கிறது வேற விஷயம். தலைவர் என்ன சொன்னாரு, நாம எங்க இருந்தாலும்—"

"தலைவர் செத்து பதிமூணு வருஷம் ஆச்சுப்பா. திங்கக்கிழமை சங்கிலியைத் தூக்கிட்டு வர்றான்."

உல்லோவாவுக்குப் பாஷை புரியாவிட்டாலும் சங்கதி புரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "எழுதினவரே உயிரோட உக்காந்திருக்காரே, அப்புறம் என்ன. தப்பா எழுதிட்டேன்னு அந்தச் சொல்லை அடிச்சுட்டு, சரியான ஊரை எழுதி, பக்கத்துல கையெழுத்துப் போடட்டும். ஒரு திருத்தம் இருந்தா எங்க பதிவாளர் ஒத்துக்குவார். நாங்களே எத்தனையோ திருத்துறோம்."

அவள் அப்பாவிடம் சொன்னாள். ஜோசையா புத்தகத்தை மூடினார்.

"நான் தப்பா எழுதலியே."

"தெரியும்பா. இருந்தாலும் அடிங்க."

"செயலாளர் பொய்க் கையெழுத்துப் போட மாட்டான்."

அதற்குப் பிறகு அவள் சொன்னதை அவளே மன்னிக்கவில்லை. ஆனால் சொன்னாள். "அந்தப் பன்னிரண்டு ஏக்கர்ல ஒவ்வொரு மரமும் நீங்க வச்சது. களை பறிச்சது நான். ஆப்பிரிக்காவுல ஒரே ஒரு மரம் வச்சிருக்கீங்களா? ஒரு நாள் அந்த மண்ணை மிதிச்சிருக்கீங்களா? இல்லாத ஊருக்கு என்னை எழுதிக் கொடுத்துட்டு, இருக்கிற வீட்டை விட்டு ரோட்டுக்குத் துரத்துறீங்களே, உங்களுக்கு நான் மகளா, இல்ல கூட்டத்துல போட்ட தீர்மானமா?"

ஜோசையா தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். சீருடையில் இருக்கும்போது அவர் அதைக் கழற்றி அவள் பார்த்ததே இல்லை. பேனாவுக்குக் கை நீட்டினார். அளவுகோல் கேட்டு வாங்கி, வைத்து, ஆப்பிரிக்காவின் நடுவே ஒரு நேர்கோடு போட்டார். மேலே பெத்தேல், லிமோன் மாகாணம் என்று எழுதினார். அலுவலகத்தின் நீல மை பளிச்சென்று இருந்தது.

உல்லோவா அவளை மனு எழுத உள்ளறைக்குக் கூட்டிப்போனார். மூன்று படிவம். ஒரு மணி நேரம் ஆனது. தன் பெயருக்குக் கீழே பெத்தேலில் பிறந்தவள் என்று எழுதும்போது அவளுக்குக் கண் கலங்கியது.

வெளியே வந்தபோது ஜோசையா இன்னும் எழுதிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா பண்றீங்க?"

"கிட்டத்தட்ட முடிஞ்சுது."

அளவுகோல், கோடு, ஊர்ப் பெயர், கையெழுத்து. கடைசிப் பக்கத்தில் இருந்தார். அவள் புத்தகத்தை இழுத்துப் பார்த்தாள். முதல் பக்கத்திலிருந்து ஒன்று விடாமல் அடித்திருந்தார். இரண்டாம் பக்கத்தில் அவளுடைய தம்பியின் பெயர் இருந்தது. ஒன்பதே நாள் இருந்த பிள்ளை. அவனையும் அடித்திருந்தார்.

"அவனுக்கு எதுக்குப்பா காகிதம்?"

"அக்கா ஒரு நாடு, தம்பி ஒரு நாடா இருக்க முடியுமா?" நிமிராமலே சொன்னார். "அப்புறம், என் பொண்ணை மட்டும் திருத்திக்கிட்டுப் போனா ஊர்ல என்னை என்னன்னு கேப்பாங்க? டார்கஸ் நாளைக்கு வரப்போறா. எழுதினவன் நான். எல்லாருக்கும் நான்தான் அடிக்கணும். இல்லேன்னா அது திருட்டு."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் கொடுமை. வாழ்நாள் முழுக்க அந்த மனிதர் தனக்கென்று ஒரு சலுகை எடுத்துக்கொண்டதில்லை, அன்றைக்கும் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்திருந்தால் பிழைத்திருப்பார்கள்.

உல்லோவா பதிவாளரை அழைத்துக்கொண்டு வந்தார். மூக்குக் கண்ணாடி போட்ட வயதானவர், முத்திரையைக் கையிலேயே வைத்திருந்தார். புத்தகத்தை ஒரு பக்கம் புரட்டினார், இன்னொரு பக்கம் புரட்டினார், பிறகு கடகடவென்று கடைசிவரை புரட்டினார். முத்திரையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இது என்ன, உல்லோவா? ஒரு திருத்தம்னு சொன்னீங்க."

உல்லோவா பார்த்தார். அவர் முகம் செத்துவிட்டது.

"எழுபத்தொரு பேருக்கும் பிறந்த ஊரை இன்னிக்கு, இந்த அறையில, நம்ம மையில எழுதியிருக்காங்க," என்றார் பதிவாளர். "ஒரு தப்பு இருந்தா திருத்தம்னு சொல்லலாம். எல்லாமே தப்புன்னா இது பழைய ஏடே இல்லை. இன்னிக்கு எழுதின ஏடு. இதை நான் எடுத்துக்க முடியாது. இனிமே யாரு கொண்டுவந்தாலும் எடுத்துக்க முடியாது."

"சாட்சி கொண்டு வரேன் ஐயா," என்றாள் லைபீரியா. "மருத்துவச்சி இருக்காங்க. பக்கத்து வீட்டுக்காரங்க இருக்காங்க. அத்தனை பேரையும் கூட்டிட்டு வரேன்."

"சாட்சி சொல்றவங்களுக்கும் காகிதம் வேணுமே, சென்யோரா. அவங்ககிட்ட இருக்கா?"

ஜோசையா அவர்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, கையில் தொப்பியோடு, பணிவாக நின்றார்.

"என்னம்மா சொல்றாரு?"

உள்ளதும் போச்சு என்று எப்படிச் சொல்வாள்? அந்தக் கிழவன் முப்பது வருஷம் கட்டிக்காத்ததை ஒரு மணி நேரத்தில் தன் கையாலேயே வெட்டிப் போட்டுவிட்டு நிற்கிறான், அதுவும் அவள் பேசிய பேச்சுக்காக. "சரியா இருக்காம்பா," என்றாள். "எடுத்துக்கிட்டாங்களாம்."

ஜோசையா பதிவாளருக்குத் தலை வணங்கி, தனக்குத் தெரிந்த ஒரே ஸ்பானிஷ் வார்த்தையில் நன்றி சொன்னார். பதிவாளர் என்ன செய்வதென்று தெரியாமல் தானும் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பும் வண்டியில் கூட்டமில்லை. ஜோசையா கொடியை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். வெறும் புத்தகம் மடியில் இருந்தது. பாதி வழி தாண்டியது.

"கப்பல் வராதுன்னு எனக்குத் தெரியும், பேரியா," என்றார் திடீரென்று. சின்ன வயதில் கூப்பிட்ட பெயர். "இருபது வருஷமாத் தெரியும். நான் ஒண்ணும் முட்டாள் இல்லை."

"யாரும் அப்படிச் சொல்லலப்பா."

"கம்பெனிக்காரன் எங்களை ஆளுன்னு எழுத மாட்டான், எண்ணு போட்டுத்தான் எழுதுவான். வெள்ளம் வந்து பத்துப் பேரு போனா, பத்துக் கத்தி நஷ்டம்னு எழுதுவான். எங்களுக்கு ஒரு இடம் வேணும்னு இருந்துச்சு. புத்தகத்துலயாவது. அந்தக் கட்டத்துல எழுதுறப்ப எல்லாம் அந்தப் புள்ளைக்கு ஒரு வீடு கொடுத்த மாதிரி இருக்கும்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போகட்டும். ஆப்பிரிக்காவைக் கொடுத்து மண்ணை வாங்கிட்டேன். உனக்கு நிலம் இருக்கு, ஊருக்கு நிலம் இருக்கு. தலைவரே இருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பாரு, இல்லையா?"

"ஆமாப்பா," என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்குப் போய், சோறு போட்டு, அவர் படுத்த பிறகு யோசிக்கலாம் என்று நினைத்தாள். திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்று நினைத்தாள். அழுதால் அவர் பார்த்துவிடுவார் என்பதால் அழக்கூட முடியவில்லை.

பெத்தேல் நிறுத்தத்தில் பொழுது சாயும் நேரத்தில் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். எல்லாரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் போடுகிற நல்ல துணியில் இருந்தார்கள். லைபீரியா இதை எதிர்பார்க்கவில்லை. வண்டி நின்றதும் மிஸ் டார்கஸ்தான் முதலில் ஓடிவந்தாள்.

"என்ன ஆச்சு, பிரதர் பென்னன்ட்?"

ஜோசையா படியில் நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "எல்லாருக்கும் முடிஞ்சுது, சிஸ்டர். எழுபத்தொரு பேரையும் இந்த ஊர்லயே பிறந்ததா எழுதிட்டேன். என் கையால." புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். "அந்தச் சொல்லை அடிக்க வேண்டியதாப் போச்சு. அதுக்கு என்னை மன்னிச்சுக்கங்க."

கூட்டத்தில் யாரோ ஜெபம் சொன்னார்கள். சிலர் கைதட்டினார்கள். டார்கஸ் அவர் கையைப் பிடித்து முத்தம் வைத்தாள். "மன்னிக்க என்ன இருக்கு, பிரதர். ஆப்பிரிக்கா எங்க ஓடியா போயிடும்? புத்தகத்தை இப்படிக் கொடுங்க. காலையில வண்டிக்கு நானும் பெர்சிவலும் கிளம்புறோம். பின்னாலயே இவங்க எல்லாரும் வர்றாங்க. டிக்கெட்டுக்கு முட்டைக் கோழியை வித்துட்டேன்."

ஜோசையா புத்தகத்தை நீட்டினார்.

"போகாதீங்க," என்றாள் லைபீரியா.

டார்கஸ் சிரித்தாள். "ஏன், உனக்கு ஆனா போதுமா?"

"எனக்கும் ஆகல. யாருக்கும் ஆகாது. புத்தகம் செல்லாதுன்னுட்டாங்க."

ஜோசையா அவளைத் திரும்பிப் பார்த்தார். "எடுத்துக்கிட்டாங்கன்னு சொன்னியே?"

"பொய் சொன்னேன்பா." இனி மறைக்க ஒன்றும் இல்லை, அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள். "என் ஒரு வரியை மட்டும் அடிச்சிருந்தா எடுத்துக்கிட்டிருப்பாங்க. எல்லாத்தையும் அடிச்சதுனால, இது இன்னிக்கு எழுதின புத்தகமாம். இனிமே யாரு கொண்டுபோனாலும் தொட மாட்டாங்களாம்."

ஒருவரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வண்டி ஊதிவிட்டுக் கிளம்பியது. ஜோசையா புத்தகத்தைப் பிடித்தபடி நிறுத்தத்துப் பலகையில் உட்கார்ந்தார். உடம்பு அந்தக் கோட்டுக்குள் எங்கேயோ இருந்தது.

டார்கஸ் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரலில் துடுக்கெல்லாம் இல்லை.

"அப்ப பழைய மாதிரியே எழுதிடுங்க, பிரதர். ஆப்பிரிக்கான்னே எழுதிடுங்க. அதாவது இருக்கட்டும்."

"அடிச்ச இடத்துல செயலாளர் மறுபடியும் எழுதக் கூடாது, சிஸ்டர்," என்றார் ஜோசையா. "நான் வச்ச விதிதான்."

"அப்போ எங்க புள்ளைங்க எந்த ஊரு?"

அவர் புத்தகத்தைத் திறந்து அவள் பிள்ளைகளின் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பெர்சிவலுக்கு மேலே இன்னொரு பெயர் இருந்தது. எதலின், நாலு வயதில் மஞ்சள் காய்ச்சலில் போன பெண். டார்கஸ் அந்தப் பெயரில் விரலை வைத்தாள்.

"இவளைப் புதைச்சது இங்கதான். மண்டபத்துக்குப் பின்னால. ஊரே வந்துச்சு, நீங்கதான் ஜெபம் சொன்னீங்க. பிறந்தது போகட்டும். புதைச்ச இடம்னு ஒரு கட்டம் இருந்தா அதைக் காட்டிக் கேக்கலாமே. இருக்கா உங்க புத்தகத்துல?"

ஜோசையா பக்கத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பார்த்தார். அங்கே என்னென்ன கட்டம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா, கோடு போட்டவரே அவர்தான். இருந்தாலும் பார்த்தார்.

"இல்ல, சிஸ்டர்," என்றார். "சாகுற வரைக்கும் இங்கயே இருப்போம்னு யாரு நினைச்சா."